படம் வரைய இடமில்லாத கேள்வி

தேர்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கட்டுரை வினாக்களைக் கணினியில் ஏற்றுவது எப்படி, மதிப்பெண் பகுப்பு அட்டவணையை நிரப்புவது எப்படி என்றெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுத்திருப்பார்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. பணி ஓய்வு பெற்று இத்தனை நாளான பிறகும், "இவ்வினா வெளியிடத் தயார்" என்று திரையில் பச்சை எழுத்து வருவதை நினைத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் சுகாதார உதவியாளர் பயிற்சி நிறுவனத்தின் தேர்வுப் பிரிவில். தலைமை வளாகம் செங்கல்பட்டில் இருந்தது. கடற்கரைச் சாலையில், திருவிடந்தையைத் தாண்டி ஒரு கிளை மையம். படிக்க வந்தவர்களில் பலர் ஏற்கெனவே மருத்துவமனைகளில் வார்டு ஆயாவாக வேலை செய்துகொண்டிருந்த பெண்கள். எங்கள் சான்றிதழ் கிடைத்தால் அவர்கள் உதவி செவிலியர் ஆகலாம், வேலை நிரந்தரமாகும். பகலில் பெருக்கித் துடைத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். தேர்வு அவர்களுக்கு விளையாட்டு இல்லை.

காகிதத் தேர்வு நடந்த காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வினாத்தாள் தயாரித்தவர், அதை அச்சுக்கு அனுப்பும் முன், ஒரு மாணவி எழுதுவதுபோல முழு விடையையும் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். படம் கேட்டிருந்தால் பென்சிலை எடுத்துப் படமும் போட வேண்டும். நான் சேர்ந்தபோது தேர்வுப் பிரிவுத் தலைவராக இருந்த அம்மையார் கொண்டுவந்த கட்டாயம் அது. அலுப்பான வேலைதான், நாங்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வோம். ஆனால் எழுதிப் பார்க்கும்போதுதான் கேள்வியின் கோளாறு தெரியும். நேரம் போதாது என்று தெரியும், இரண்டு கேள்விக்கு ஒரே விடை வருகிறது என்று தெரியும்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் கணினியிலேயே தேர்வு நடத்தும் மென்பொருள் வந்தது. அதைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்தார்கள். கணினி தெரிந்தவர், கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னார்: "இனிமே யாரும் உக்காந்து எழுதிப் பாக்க வேணாம். முன்னோட்டம்னு ஒரு பட்டன் இருக்கு. அதைத் தட்டினா கேள்வி எப்படி வரும்னு தெரிஞ்சிடும்." எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

மதிப்பெண் பகுப்பு அட்டவணையை நிரப்பியதும் அதே வேகத்தில்தான். பழைய காகித விடைக்குறிப்பை எடுத்தார்கள், அப்படியே திரையில் தட்டினார்கள். முன்னுரைக்கு ஒரு வரிசை, துணைத்தலைப்புக்கு ஒரு வரிசை, விளக்கத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. முக்கிய வரிகளை அடிக்கோடிட்டதற்குக்கூட மதிப்பெண் வைத்திருந்தார்கள். தட்டச்சு செய்யும் பெட்டியில் எங்கே போய் அடிக்கோடு போடுவது என்று நான் கேட்ட பிறகு சிரித்துக்கொண்டே அதை எடுத்தார்கள். "அப்போ படம்?" என்றேன். ஒருங்கிணைப்பாளர் தன் திரையில் முன்னோட்டத்தைக் காட்டினார். விடைப் பெட்டிக்குக் கீழே, படம் இணைக்க என்று ஒரு பட்டன் இருந்தது. "வரைஞ்சு ஏத்திக்கலாம் மேடம்." மாணவியின் கணக்கில் நுழைந்து ஒருமுறை பார்க்கிறேன் என்றேன். மாணவர் கணக்குகள் தேர்வுக்கு முந்தின நாள்தான் திறக்கும், நீங்கள் எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறீர்கள் என்று சொல்லிவிட்டார்.

தேர்வன்று கடற்கரை மையத்தில் நான்தான் அறைக் கண்காணிப்பாளர். கட்டுரைக் கேள்வி இது: கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர் மூச்சு விடுகிறார், ஆனால் நினைவில்லை; அவரைக் கிடத்தும் முறையைப் படத்துடன் விளக்குக. மாமல்லபுரம் கடற்கரையோரம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தேவையான கேள்வி. குறை சொல்ல முடியாது.

தேர்வு தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு கை உயர்ந்தது. எஸ்தர். கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவள் கடற்கரைச் சாலையில் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தாள். இரண்டு பேருந்து மாறித்தான் வகுப்புக்கு வருவாள். கூசிக் குறுகிப் பேசுகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

"மேடம், படம் எங்க போடறது? எடமே இல்லியே."

"பெட்டிக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கும் பாரும்மா."

"கீழ இன்னா கீது? சப்மிட்னு ஒண்ணுதான் கீது. அத்த அமுக்குனா பேப்பரே பூடும்."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி, பட்டன் இல்லை. பக்கத்துத் திரையிலும் இல்லை. அதற்குள் அறை முழுக்கச் சலசலப்பு. ஒரு பெண் சாய்வுக் கோடுகளையும் நட்சத்திரக் குறிகளையும் தட்டி ஒரு மனித உருவம் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தாள். இன்னொருத்தி எழுதிப் பார்க்கக் கொடுத்த வெள்ளைத் தாளில் அழகாக வரைந்துவிட்டு, இதை யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். யாரிடமும் கொடுக்க முடியாது, அந்தத் தாள்களைத் தேர்வு முடிந்ததும் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி.

செங்கல்பட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பட்டன் இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றார் ஒருங்கிணைப்பாளர். இல்லை என்றேன். இருக்கும் என்றார். கடிகாரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சலிப்போடு சொன்னார்: "சரி, படத்தை வார்த்தையில எழுதச் சொல்லுங்க. பாத்துக்கலாம்."

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைக்காது. தேர்வை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. சும்மா இருந்தால் அந்தப் பெண்கள் தடுமாறிக்கொண்டே இருப்பார்கள். அறை நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "படம் போட முடியாதவர்கள், படத்தில் என்ன இருக்குமோ அதை வார்த்தையில் எழுதுங்கள். மதிப்பெண் உண்டு."

எஸ்தர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நெஜமாத்தான சொல்றீங்க மேடம்? மார்க்கு உண்டு தான?"

"உண்டு" என்றேன்.

அவர்கள் யாரும் தட்டச்சில் வேகமானவர்கள் இல்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையைச் சில வாரங்களுக்கு முன்புதான் கற்றிருந்தார்கள். பென்சிலில் சட்டென்று முடிய வேண்டிய படத்தை ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடித் தட்டினார்கள். மற்ற கேள்விகளுக்கான நேரம் அதில் கரைந்தது. என் வாக்கை நம்பித்தான் அதைச் செய்தார்கள்.

முடிவுகள் வந்த மறுநாள் எஸ்தர் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள். என் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு மார்க்குல பெயிலு மேடம். படத்துக்கு மூணுக்கு முட்டை. நீங்கதான சொன்னீங்க மார்க்கு உண்டுன்னு? எடமும் குடுக்க மாட்டீங்க, படம் போடலன்னும் சொல்லுவீங்க. இன்னா நாயம் இது?"

பார்த்துச் சொல்கிறேன், இங்கேயே இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைத் திருத்திய ஆசிரியர் தணிகாசலத்திடம் போனேன். பழகிய மனிதர், நேர்மையானவரும்கூட. விடையைத் திரையில் திறந்து காட்டினார். எஸ்தர் எழுதியிருந்தாள்: "படம்: ஆள் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். மேல்கால் முட்டி மடங்கித் தரையில் ஊன்றி இருக்கிறது. மேல்கை கன்னத்துக்குக் கீழே. தலை லேசாகப் பின்னால் சாய்ந்து, வாய் கீழ்ப்பக்கம் பார்த்து, தண்ணீர் வெளியே வரும்படி இருக்கிறது."

"இதுக்கா பூஜ்யம் போட்டீங்க?" என்றேன்.

"நான் இன்னா பண்றது மேடம்? படம் உள்ளது, படம் இல்லை. ரெண்டே ரெண்டு கட்டம்தான் கீது. எழுதிக்கீது, ஆனா படம் இல்லையே. பாதி போடலாம்னா அதுக்குக் கட்டம் இல்ல. குறிப்புப் பெட்டில எழுதி வச்சேன், படத்துக்கு வழியில்லாம இருந்திருக்கும்போல, கவனிக்கவும்னு. யாரு படிச்சாங்க?"

யாரும் படிக்கவில்லை. குறிப்புப் பெட்டி என்று ஒன்றை வைத்துவிட்டு அதைத் திறந்து பார்க்கும் வேலையை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். எல்லா மையத்திலும் படத்துக்குப் பூஜ்யம்தான் விழுந்திருந்தது.

ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். அவர் மறுபடி முன்னோட்டத்தைத் திறந்து அதே பட்டனைக் காட்டினார். "இதோ இருக்கு. அந்தப் பொண்ணுங்க பாக்கல. இப்ப மார்க் போனதும் கதை கட்டறாங்க." நான் நேரில் நின்று பார்த்தேன் என்றேன். "நீங்களும் சரியா பாத்திருக்க மாட்டீங்க மேடம்" என்றார். வார்த்தையில் எழுதச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லையாம். பிறகு சமாதானமாக ஒன்று சொன்னார் பாருங்கள். "எல்லாருக்கும்தானே மூணு மார்க் போச்சு. யாருக்கும் பாரபட்சம் இல்லையே."

இந்த வாதத்தை நீங்களும் கேட்பீர்கள். கேட்டால் ஏமாறாதீர்கள். நிறைய மதிப்பெண் வாங்கியவளுக்கு மூன்று போனால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். தேர்ச்சிக் கோட்டின் மேல் நிற்கிறவளுக்கு மூன்று போனால் பிழைப்பே போகும். இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் அந்தக் கோட்டில் நின்றிருக்க மாட்டார்கள்.

அட்டவணையை மாற்றலாமே என்றால், விடை திருத்தும் பணி தொடங்கியதும் அது பூட்டிக்கொள்ளும் என்றார். மென்பொருள் நிறுவனத்தாரை நானே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "திறக்கலாம் மேடம். ஆனா அந்தக் கேள்விக்குப் போட்ட மார்க் எல்லாம் அழிஞ்சிடும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து திருத்தணும்" என்றார்கள். முடியாது என்பதும் செய்ய மனமில்லை என்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எஸ்தரிடம், இன்னும் சில நாள் பொறு என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விஷயம் தாளாளர் கூட்டிய கூட்டத்துக்கு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொன்னார். எல்லா மாணவிகளுக்கும் மூன்று கருணை மதிப்பெண். அட்டவணையைத் தொட வேண்டாம், மறுபடி திருத்தவும் வேண்டாம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முகத்தில் நிம்மதி. தாராள மனசு என்று ஒருவர் பாராட்டினார். இது கருணை இல்லை சார், நாம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றேன். "பேருல என்ன இருக்கு மேடம், மார்க் வந்தா சரி" என்று ஒருங்கிணைப்பாளர் என் வாயை அடைத்தார்.

பேரில் என்ன இருந்தது என்பது அடுத்த வாரமே தெரிந்தது. எஸ்தர் மறுபடி வந்தாள். புது மதிப்பெண் பட்டியலை என் மேசையில் விரித்து வைத்தாள். குறிப்பு என்ற இடத்தில் "கருணை மதிப்பெண்ணுடன் தேர்ச்சி" என்று மென்பொருளே அச்சடித்திருந்தது.

"ஆஸ்பத்திரில காட்டுனேன். கருணையில பாஸான ஆளு கையில ஊசி குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நல்ல பட்டியலா எடுத்துகினு வா, இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்றாங்க. கருணைன்னா இன்னா மேடம், பிச்சை தான? நான் எப்ப கேட்டேன்? எங்க அப்பன் ஆயி ஊரான் வூட்டு வாசல்ல கை கட்டி நின்னது போதாதா, நானும் நிக்கணுமா?"

அவளுடைய கோபத்தைப் பார்த்தபோது என் கோபம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அவளைக் கூட்டிக்கொண்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். போகிற வழியில் மென்பொருள் நிறுவனத்துக்குப் பேசி, தாளாளர் பெயரில் ஒரு மாணவர் கணக்கு திறக்கச் சொன்னேன். ஒருங்கிணைப்பாளரும் அந்த அறையில்தான் இருந்தார். நல்லதாகப் போயிற்று.

"சார், நீங்க ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதணும்" என்றேன்.

தாளாளர் ஒரு காலத்தில் தாவரவியல் ஆசிரியர். கரும்பலகையில் அவர் போடும் படத்தைப் பற்றி அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மாணவர் கணக்கில் நுழைந்து கேள்வியைத் திறந்து கொடுத்தேன். படித்தார். "படம்தானே, எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று மவுஸைப் பிடித்தார். மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். பெட்டிக்குள் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

"எங்கய்யா பட்டன்?" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் குனிந்து பார்த்தார். பக்கத்தை ஏற்றி இறக்கினார். "அது ஆசிரியர் கணக்குல வரும் சார்."

"நான் இப்ப யாரு?"

"மாணவர் சார்."

"அப்ப எனக்கு வராதா?"

முன்னோட்டம் காட்டியது ஆசிரியர் பார்க்கும் பக்கத்தை. மாணவி பார்க்கும் பக்கத்தைத் தேர்வுக்கு முன்னால் எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தாளாளர் பெட்டியில் "படம்:" என்று தட்டினார். அடுத்த எழுத்தைத் தேடினார். கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "சரி மேடம், நம்ம தப்புதான். ஆனா அதை வெளிய சொல்லி, எல்லாத்தையும் அழிச்சுத் திருத்தினா நிறுவனத்தோட பேரு என்ன ஆகறது?"

நான் வாயைத் திறக்கும் முன் எஸ்தர் பேசினாள்.

"உங்க பேரு கெடுமேன்னு பாக்கறீங்க சார். எனக்கும் ஒரு பேருதான கீது. அதுல நீங்க கருணைன்னு எழுதிட்டீங்களே."

தாளாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார்.

அதன்பிறகு நடந்தது வெறும் உழைப்பு. படத்துக்கான வரிசையை நானும் தணிகாசலமும் உட்கார்ந்து மாற்றினோம். படமாகவோ வார்த்தையாகவோ கிடத்தும் நிலையைக் காட்டியிருந்தால் போதும் என்று எழுதினோம். உள்ளது, இல்லை என்ற இரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு, கால், கை, தலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வைத்தோம். போட்ட மதிப்பெண் எல்லாம் அழிந்தது. திருத்துகிறவர்கள் மொத்தமும் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. என்னைத் திட்டாத ஆள் இல்லை. "இன்னா மேடம், ஒரு ஆளுக்காக எல்லாருக்கும் பேஜாரு குடுத்துட்டீங்க" என்று தணிகாசலமே சொன்னார். சொல்லிக்கொண்டே, மற்றவர்களைவிட முதலில் தன் பங்கை முடித்துக் கொடுத்தார்.

ஒருங்கிணைப்பாளர் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பயிற்சிக் கையேட்டில், மாணவர் கணக்கிலும் சோதித்துப் பார்க்கும் புதிய வசதியை அறிமுகப்படுத்தியிருப்பதாக எழுதிக்கொண்டார். புதிய வசதியாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையேட்டை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். கேள்வியை ஏற்றியதும் எழுந்து போகாதீர்கள். மாணவியின் கணக்கில் நுழையுங்கள், அவளுக்குக் கொடுக்கப்போகும் அதே கணினியில் உட்காருங்கள், முழு விடையையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் வாங்க முடியாத மதிப்பெண்ணை அட்டவணையில் வைக்காதீர்கள். நேரமில்லை என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லிச் சண்டை போடுங்கள். தவறு உங்களுடையதாக இருந்தால் தவறு என்று சொல்லித் திருத்துங்கள், கருணை என்ற சொல்லை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மாதக் கடைசிக்கு முன்பே எஸ்தருக்குப் புதிய பட்டியல் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள அவளே வந்தாள். முதலில் குறிப்பு என்ற இடத்தைத்தான் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் விரலை வைத்தாள். படத்துக்கு மூன்றில் இரண்டு. சரியாகத் தேர்ச்சிக் கோட்டில் நின்றது.

"ஒண்ணு எதுக்கு மேடம் பூட்ச்சி?"

மறுபடி சண்டை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே விடையைத் திரையில் திறந்து காட்டினேன். "மேல்கை எங்கே இருக்கணும்னு எழுதியிருக்கே. கீழ்க்கையைப் பத்தி ஒண்ணும் எழுதலியே. அது உடம்புக்கு அடியில மாட்டினா ஆளு கவுந்துடுவாரு இல்லையா?"

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். தன் இடது கையை எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா மேடம், வுட்டுட்டேன்" என்றாள். "அது என் தப்புதான்."

பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.